பால்கனிமேல் பூனை

'மதில்மேல் பூனை' என்று சொல்லிவைத்த நம் முன்னோர், அது இந்தப் பக்கம் குதிக்குமா அந்தப் பக்கம் குதிக்குமா என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எந்தப் பக்கம் குதித்தாலும் பூனைக்குச் சேதாரம் இல்லை; மதிலின் உயரம் ஆறடி. இன்று அதே பூனை, சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையோரம் பதினாலாவது மாடிப் பால்கனியின் கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்து காகத்தை முறைத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் குதித்தால் வாஷிங் மெஷின். அந்தப் பக்கம் சுமார் நாற்பது மீட்டர். கீழே பேவர் பிளாக் பதித்த கார் நிறுத்துமிடம்.

வீட்டுக்காரர் பதறுவதில்லை. "பூனைங்க அது, அதுக்குத் தெரியாதா? எப்படி விழுந்தாலும் நாலு கால்லதான் நிக்கும்" என்கிறார். பூனை நாலு காலில் விழுவது உண்மைதான். அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது என்பதில்தான் கோளாறு.

நாலு கால் சங்கதி ஆராய்ச்சிக்காரர்களையும் வெகுகாலம் அலைக்கழித்தது. பிரான்சைச் சேர்ந்த எத்தியன்-ஜூல் மாரே, 1894-ல் ஒரு பூனையைத் தலைகீழாகப் பிடித்துக் கீழே விட்டு, அது விழுவதை நொடிக்குப் பல படங்களாக எடுத்துக் காட்டினார். பிடிமானம் எதுவும் இல்லாத நடுவெளியில் ஒரு உடம்பு எப்படித் தன்னைத் தானே திருப்பிக்கொள்ளும்? படங்கள் விடை சொல்லின. பூனை தன் உடம்பை இடுப்பில் மடித்து, முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியாகத் திருப்புகிறது. ஈரத்துணியைப் பிழிகிறவர் கைகளைப் போல, ஒரு பாதி ஒரு பக்கம், மறுபாதி மறுபக்கம். குட்டிகளுக்கு இந்த வித்தை பிறந்து ஆறேழு வாரங்களில் முழுதாகக் கைவந்துவிடும்.

வித்தை அவ்வளவுதான். கால்கள் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். விழும் வேகத்தைக் குறைக்காது. மூன்றாம் மாடியிலிருந்து விழும் பூனையின் கால்கள் தரையைத் தொட்ட மறுகணம் மடங்கிவிடுகின்றன. மார்பும் முகவாயும் அதே வேகத்தில் தரையில் மோதுகின்றன. தாடை உடைவது, வாயின் மேலண்ணம் நடுவே பிளப்பது, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து மூச்சுத் திணறுவது ஆகிய மூன்றும் மாடியிலிருந்து விழுந்த பூனைகளிடம் கால்நடை மருத்துவர்கள் முதலில் தேடும் காயங்கள். கால் முறிவு தனிக்கணக்கு.

நியூயார்க் சொன்ன கணக்கு

இந்தக் காயங்களின் தொகுப்புக்கு 'ஹை ரைஸ் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தவர் கார்டன் ராபின்சன் என்ற நியூயார்க் கால்நடை மருத்துவர். ஆண்டு 1976. அதே 1976-ல்தான், சிறு குழந்தைகள் வசிக்கும் அடுக்குமாடி வீடுகளின் ஜன்னல்களுக்குத் தடுப்புக் கம்பி போடுவது கட்டட உரிமையாளரின் கடமை என்று நியூயார்க் நகரச் சுகாதார வாரியம் விதி போட்டது. ஜன்னலிலிருந்து விழும் பிள்ளையைப் பார்த்து யாரும் 'அதற்குத் தெரியாதா' என்று கேட்கவில்லை. கம்பி போட்டார்கள். பூனை விஷயத்தில் மட்டும் பழமொழி போதும் என்று விட்டுவிட்டோம்.

ராபின்சன் பணியாற்றிய அதே 'அனிமல் மெடிக்கல் சென்டர்' மருத்துவமனைக்கு 1984-ல் ஐந்தே மாதங்களில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகள் வந்தன. ஏறக்குறைய நாளுக்கு ஒன்று. அவை விழுந்த சராசரி உயரம் ஐந்தரை மாடி. வெய்ன் விட்னி, செரில் மெல்ஹாஃப் என்ற இரு மருத்துவர்கள் அந்தக் கணக்கை 1987-ல் வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்ற பூனைகளில் 90 விழுக்காடு பிழைத்தன. முப்பத்திரண்டாம் மாடியிலிருந்து கான்கிரீட்டில் விழுந்த ஒரு பூனை, ஒரு பல் உடைந்து, மார்பில் லேசான காயத்தோடு இரண்டு நாளில் வீடு திரும்பியது. அதன் பெயர் சப்ரினா. உலகப் பத்திரிகைகள் அதை விடவில்லை.

அந்த ஆய்வில் இன்னொரு விசித்திரம். ஏழு மாடி வரை உயரம் ஏற ஏறக் காயம் கூடுகிறது. அதற்கு மேல் குறைகிறது! விழும் பூனை மணிக்குச் சுமார் 97 கிலோமீட்டர் வேகத்தை எட்டியபின் வேகம் அதற்கு மேல் கூடாது. அப்போது அது தசைகளைத் தளர்த்தி, பறக்கும் அணில்போல் கைகால்களைப் பரப்பிக்கொள்கிறது. அதனால் அடி பரவலாக விழுகிறது என்று மருத்துவர்கள் விளக்கம் தந்தார்கள். 'உயரமான மாடியில் இருந்தால் பூனைக்கு நல்லது' என்று இதற்குப் பொருள் எடுத்துக்கொண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கணக்கில் ஓட்டை இருக்கிறது. மருத்துவமனைக்கு வந்தவை உயிரோடு எடுக்கப்பட்ட பூனைகள் மட்டுமே. இருபதாம் மாடியிலிருந்து விழுந்து அங்கேயே செத்துப்போன பூனையை யார் காரில் போட்டு டாக்டரிடம் கொண்டுவருவார்கள்? அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. வந்த 132-லும் பதினேழு பூனைகளை உரிமையாளர்களே கருணைக்கொலைக்கு ஒப்படைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சைச் செலவைத் தாங்க முடியவில்லை. அந்தப் பதினேழும் 90 விழுக்காட்டுக் கணக்கில் இல்லை.

குரோஷியாவின் தலைநகர் சாக்ரெபில் நான்கு ஆண்டுகளில் விழுந்த 119 பூனைகளைப் பற்றிய ஆய்வு 2004-ல் வந்தது. அங்கேயும் 96.5 விழுக்காடு பிழைத்தன. ஆனால் ஏழாம் மாடியிலிருந்தும் அதற்கு மேலிருந்தும் விழுந்தவற்றுக்குக் காயம் கடுமையாக இருந்தது. மார்புக் காயமும் அதிகம். நம் வீடுகளுக்குப் பயன்படும் தகவல்கள் வேறு இரண்டு. விழுந்தவற்றில் பத்துக்கு ஆறு ஒரு வயதுகூட நிரம்பாதவை. வெயில் மாதங்களில்தான் அதிகம் விழுந்தன, ஏனென்றால் அப்போதுதான் ஜன்னல்கள் திறந்திருக்கும். சாக்ரெபுக்குக் கோடை சில மாதம். சென்னைக்கும் மதுரைக்கும் ஜன்னல் திறக்காத மாதம் எது?

காகத்துக்கு வைத்த சோறு

பூனை ஏன் விழுகிறது? தற்கொலை செய்துகொள்ள அல்ல. பெரும்பாலும் அதன் கவனம் வேறெங்கோ இருக்கிறது. பறவையைப் பார்த்ததும் உடம்பைத் தாழ்த்தி, வாலை ஆட்டி, கணக்குப் போட்டுப் பாய்கிற அந்த நொடியில் பூனைக்குப் பறவை மட்டும்தான் உலகம். கைப்பிடிக்கு அப்பால் தரை இல்லை என்பது அந்த உலகத்தில் கிடையாது.

நம் வீடுகளில் அந்தப் பறவையை அழைத்து உட்காரவைப்பதே நாம்தான். குளித்து, சமைத்து, முதல் பிடி சோற்றைக் காகத்துக்கு வைக்கும் வழக்கம் மாடி வீட்டுக்கும் ஏறி வந்துவிட்டது. வைக்கும் இடம் பால்கனிச் சுவரின் விளிம்பு. அமாவாசைக்கு இலைத்துண்டில் வடையும் உண்டு. பூனை வளர்க்கும் வீட்டில் இது தூண்டில் போடுவதற்குச் சமம். காகத்தைப் பட்டினி போடச் சொல்லவில்லை. சோற்றை மொட்டை மாடிக்குக் கொண்டுபோகலாம்.

அடுத்தது வழுக்கல். மரத்தில் ஏறும் பூனைக்கு நகம் துணை. கிரானைட் பதித்த விளிம்பிலும் பளபளக்கும் எவர்சில்வர் கைப்பிடியிலும் நகம் எதைப் பற்றும்? மழைத்தண்ணீர் பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். தூங்கும் பூனை புரண்டு விழுவதும் உண்டு, தீபாவளி வெடிக்கு மிரண்டு தாவுவதும் உண்டு. கருத்தடை செய்யாத கடுவன் கீழே எங்கோ பெட்டை கத்துவதைக் கேட்டுவிட்டால் உயரம் பார்க்காது.

மார்பளவுச் சுவர் பூனைக்குத் தடையே அல்ல. வளர்ந்த பூனை நின்ற இடத்திலிருந்து ஒன்றரை மீட்டர் எழும்பும். அதற்கும் சிரமம் வேண்டாம் என்று நாமே படி கட்டி வைத்திருக்கிறோம்: ஏசியின் வெளிப்பெட்டி, பூந்தொட்டி ஸ்டாண்டு, பழைய நாற்காலி, துணி காயப்போடும் ஸ்டாண்டு.

பால்கனியோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடம், அதன் அரைச்சுவர். குளியலறையில் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய வென்டிலேட்டர். அதில் ஒரு பட்டை என்றோ உடைந்து எடுத்தது, திரும்பப் போடவில்லை. அப்பால் குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட், தரை வரை ஒரே பள்ளம். ஜன்னலுக்கு வெல்க்ரோ பட்டையில் ஒட்டிய நைலான் கொசுவலை இருக்கிறதே, அது கொசுவுக்கு மட்டும்தான். நாலு கிலோ பூனை சாய்ந்தால் 'சர்ர்' என்று பிரிந்து பூனையோடு சேர்ந்து போய்விடும். வலை இருக்கிறது என்ற தைரியத்தில் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பதால், வலை இல்லாத ஜன்னலைவிட இது மோசம்.

புறா வலையும் பூனை வலையும்

நகரத்தில் பால்கனிக்கு வலை போட ஆட்களுக்குப் பஞ்சமில்லை. புறாத் தொல்லை அந்தத் தொழிலை வளர்த்துவிட்டது. போன் செய்தால் மறுநாள் இருவர் வந்து, சுவரில் துளை போட்டு, கொக்கி மாட்டி, இரண்டு மணி நேரத்தில் நைலான் வலையை இழுத்துக் கட்டிவிட்டுப் போவார்கள். பூனை வளர்ப்பவர்கள் பலரும் அதையே போட்டுக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

புறா வலையின் வேலை, வெளியே இருக்கும் புறாவை உள்ளே விடாமல் பார்ப்பது. புறா வலையைக் கடிக்காது, நகத்தால் இழுக்காது, அதன்மேல் ஏறி ஊஞ்சலாடாது. பூனை மூன்றையும் செய்யும். மெல்லிய நைலான் இழை தமிழ்நாட்டு வெயிலில் ஆண்டு முழுதும் காய்ந்து பொடபொடத்துப் போகும். பார்வைக்கு வலை அப்படியே இருக்கும், விரலால் இழுத்தால் அறும்.

பூனைக்கான வலையில் பார்க்க வேண்டியது முதலில் கண்ணியின் அளவு. பூனையின் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு மூட்டாகச் சேராமல் தசைக்குள் மிதக்கிறது. அதனால் தலை நுழைந்த இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும். குட்டிகள் இருக்கும் வீட்டில் கண்ணி ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இழை தடிமனாக, முடிச்சுப் போட்டுப் பின்னியதாக, வெயில் தாங்கும்படி பக்குவம் செய்ததாக இருக்க வேண்டும். கடிக்கும் பழக்கமுள்ள பூனை என்றால் வலையை மறந்துவிட்டு வெல்டு மெஷ் போடுவது மேல். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரப் பகுதிகளில் சாதாரண இரும்பு மெஷ் உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு செலவு கூடுதல்தான், ஆனால் அடுத்தடுத்து மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது, கீழ் விளிம்பு. வேலை செய்பவர்கள் மேலும் பக்கவாட்டிலும் நெருக்கமாகக் கொக்கி அடித்துவிட்டு, கீழே ஒப்புக்கு மூன்று கொக்கியோடு முடிப்பதுண்டு. பூனை முதலில் சோதிப்பது கீழ் மூலையைத்தான். மூக்கை நுழைக்கும், தலையை நுழைக்கும், போய்விடும். கீழ் விளிம்பு முழுக்கக் கம்பி கோத்து, அடிக்கு ஒரு கொக்கி வீதம் இறுக்க வேண்டும். முடிந்தபின் தரையில் மண்டியிட்டு, பூனையின் உயரத்தில் கண்ணை வைத்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள்; நின்று பார்த்தபோது தெரியாத இடைவெளிகள் தெரியும்.

'இன்விசிபிள் கிரில்' என்று இப்போது விற்பனையாகும் மெல்லிய எஃகு வடங்கள் காட்சியை மறைப்பதில்லை, அழகாகவும் இருக்கின்றன. அவை முதலில் குழந்தைகளை மனத்தில் வைத்துச் செய்தவை. வடங்களுக்கு நடுவே மூன்று, நான்கு அங்குல இடைவெளி விட்டால் பூனைக்கு அது கதவு. இரண்டு அங்குலம் விட்டாலும் குட்டி போய்விடும். நாளாக ஆக வடம் தளர்ந்து வளையவும் செய்யும். அடிப்பகுதியில் மூன்றடி உயரத்துக்காவது வலையைச் சேர்த்துக் கட்டாமல் அதை நம்ப முடியாது. கூண்டாக முழுவதும் அடைக்கிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: தீ விபத்தில் மனிதர் வெளியேற பால்கனியே வழியாகலாம். பூட்டக்கூடிய ஒரு கதவு அதில் இருக்கட்டும், சாவி பக்கத்து ஆணியில் தொங்கட்டும்.

சிங்கப்பூர் வழி

வீட்டுக்கு வலை என்பதைப் பூனை வளர்ப்பின் அடிப்படையாகவே பேசும் ஊர் சிங்கப்பூர். அங்கே பெரும்பாலானோர் வசிப்பது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி வீடுகளில். அந்த வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. பூனையை வீட்டுக்குள் அடக்கிவைப்பது கடினம், பொது இடத்தில் திரியும், முடி உதிர்க்கும், அசுத்தம் செய்யும், கத்தும் என்பது அரசு சொன்ன காரணம். தடையைப் பூனைப் பிரியர்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பது வேறு கதை; கதவுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பூனைகள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தன.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், 2024 செப்டம்பர் 1-ல் தடை நீங்கியது. ஒரு வீவக வீட்டுக்கு இரண்டு பூனைகள். உரிமம் வேண்டும், மைக்ரோசிப் வேண்டும். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் விதிக்குள் வர 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் தரப்பட்டது. ஜன்னலுக்கும் வாசல் கம்பிக்கதவுக்கும் வலையடித்துப் பூனை விழாமலும் திரியாமலும் பார்த்துக்கொள்வது வளர்ப்பவர் பொறுப்பு என்பதும் சேர்த்தே சொல்லப்பட்டது. பூனையை அடக்க முடியாது என்பதால் வந்த தடை, வலையால் அடக்கலாம் என்றதும் போயிற்று என்று இதைப் படிக்கலாம். அங்கே பலர் ஆளைக் கூப்பிடுவதுகூட இல்லை. பிளாஸ்டிக் மெஷ் சுருளும் ஒரு பொட்டலம் கேபிள் டையும் வாங்கி ஒரு மாலையில் வேலையை முடித்துவிடுகிறார்கள். கேபிள் டை வெயிலில் நொறுங்கும், ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். குறை அது ஒன்றுதான்.

நம் ஊரில் தடை அரசிடமிருந்து வருவதில்லை, குடியிருப்போர் சங்கத்திடமிருந்து வருகிறது. 'கட்டடத்தின் முகப்பு கெட்டுவிடும்' என்பது வழக்கமான வாசகம். வாடகை வீடாக இருந்தால் 'சுவரில் துளை போடாதே' என்பதும் சேரும். பெர்லினில் ஒரு வாடகைதாரர் இதே பிரச்சினையோடு நீதிமன்றம் போனார். சுவரைச் சேதப்படுத்தாமல் மாட்டும் பூனை வலைக்கு வீட்டு உரிமையாளர் சம்மதிக்கத்தான் வேண்டும் என்று 2020-ல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது, ஆனால் வழி செல்லும்: தரைக்கும் கூரைக்கும் நடுவே இறுக்கி நிறுத்தும் கம்பங்களில் வலையைக் கட்டினால் ஒரு துளையும் வேண்டாம். வலையை முகப்புக்கு வெளியே கட்டாமல் ஒரு சாண் உள்ளே தள்ளிக் கட்டுகிறோம் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே கரையும்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரவாசிகள் இன்னொரு துருவம். மாடி ஜன்னலிலிருந்து தரை வரை பூனை இறங்கப் பலகையில் ஏணி கட்டிவிடுகிறார்கள். அந்த ஏணிகளைப் பற்றித் தனிப் புத்தகமே வந்திருக்கிறது. நாலு மாடி ஊருக்கு அது சரி.

தொட்டியில் இருப்பது

வலை போட்டாயிற்று என்றால் பூனை பால்கனியிலேயே குடியேறிவிடும். அப்போது தொட்டிச் செடிகளைக் கவனிக்க வேண்டும். லில்லி வகைப் பூக்கள் பூனைக்கு எமன். மகரந்தம் முடியில் ஒட்டி, அதை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கலாம். அரளி, சைக்கஸ், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் மூன்றும் நஞ்சு. மணி பிளான்ட்டைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். குப்பைமேனி தானாக முளைத்திருந்தால் வேடிக்கை பார்க்கலாம்: பூனை அதன் வேரைத் தேடித் தோண்டி, மயங்கிப் புரளும். 'பூனைவணங்கி' என்று அதற்கு நம்மவர்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை.

பால்கனித் தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கி விழுங்கும். அந்த வகை ரசாயனத்தைப் பூனையின் ஈரலால் சமாளிக்க முடியாது. சித்திரை வெயிலில் டைல்ஸ் தரை கொதிக்கும். நிழலும் தண்ணீரும் இல்லாத பால்கனியில் பூனையை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு அலுவலகம் போகக்கூடாது.

விழுந்தே விட்டால்

முதலில் தேட வேண்டும். அடிபட்ட பூனை விழுந்த இடத்தில் இருக்காது. வலியோடு ஊர்ந்து போய் ஒளியும். கார்களுக்கு அடியில், ஜெனரேட்டர் அறையில், மழைநீர் வடிகாலில், செடிப் புதரில் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை வெகுதூரம் போகாது. பகலில் கிடைக்காவிட்டால் வாகனம் அடங்கிய பின்னிரவில் டார்ச்சோடு போய் மெல்லக் கூப்பிடுங்கள். ஒளியில் கண்கள் மின்னும்.

கிடைத்ததும் பிடரியைப் பிடித்துத் தூக்காதீர்கள். கெட்டியான அட்டையிலோ பலகையிலோ துண்டோடு நகர்த்திக் கொண்டுபோகலாம். தண்ணீர், பால் எதுவும் புகட்ட வேண்டாம். வலிக்கு மாத்திரை என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடவே கூடாது. பூனையைக் கொல்ல ஒரே ஒரு மாத்திரை போதும். நடக்கிறது, சாப்பிடுகிறது, ஒன்றுமில்லை என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் தவறு. நுரையீரல் காயமும் சிறுநீர்ப்பைக் கிழிசலும் சில மணி நேரம் கழித்தே முகம் காட்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசரத்திலும் அவசரம். சென்னைக்காரர்களுக்கு 1903 முதல் இருக்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் எக்ஸ்-ரே வசதியுள்ள மருத்துவமனை எது என்பதைப் பூனை வீட்டுக்கு வரும் அன்றே விசாரித்து எண்ணைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

தாடைக்குக் கம்பி கட்டி, காலுக்குத் தகடு வைத்து, குழாய் வழியாக உணவு கொடுத்து ஒரு பூனையைத் தேற்றி எடுக்கும் செலவைப் பார்த்தால் பால்கனிக்கு வலை போடும் செலவு ஒன்றுமே இல்லை. அதனால் வலை முதலில், பூனை பிறகு. வலைக்காரருக்குப் போன் செய்யும்போது 'பால்கனிக்கு வலை போடணும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் புறா வலையோடு வந்து நிற்பார். 'பூனைக்கு' என்று சொல்லுங்கள். குட்டியா, பெரிசா என்றும் சொல்லுங்கள்.